நான்காவது மணி

போகும்போதும் அவர் சொல்லவில்லை. பச்சை அங்கியைப் போட்டு, தலைக்குக் காகிதத் தொப்பி மாட்டி, வலது புருவத்துக்கு மேலே அடையாளத்துக்கு ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, "வாங்கய்யா, மெதுவா" என்று நர்ஸ் கையைப் பிடித்ததும் கோதண்டம் எழுந்தார், நடந்தார், ஆபரேஷன் தியேட்டரின் ஆடும் கதவுகள் அவருக்குப் பின்னால் இரண்டு தடவை ஆடி நின்றன. அவ்வளவுதான். தெருமுனைக்குப் போகிற ஆம்பளைகூட போயிட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தையை வாசலில் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் குணசுந்தரி அந்த வார்த்தையை அவர் வாயால் ஒரு நாள் கேட்டதில்லை. முதல் வருஷம் அழுதாள். மிலிட்டரியில இருந்தவங்க அப்படித்தாண்டி, அங்க யார்கிட்டச் சொல்லிட்டுப் போறது என்று அம்மா தேற்றினாள். அதற்கப்புறம் அவர் பங்கையும் சேர்த்து இவளே சொல்லப் பழகிக்கொண்டாள். அவர் முதுகைப் பார்த்து, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று இரண்டு தடவை. இன்றைக்கும் சொன்னாள். முதல் தடவை முதுகுக்கு, இரண்டாவது கதவுக்கு. கதவுக்குச் சொன்னது கணக்கில் சேருமா என்று இப்போது பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். கண்புரை ஆபரேஷன் ஒன்றும் பெரிசில்லை, அரை மணி நேரத்து வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரை இருக்கிறவருக்கு எல்லாமே பெரிசுதான். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. மடியில் துணிப்பை. பைக்குள் அவருடைய மாற்றுச் சட்டை, ஃபிளாஸ்க், சர்க்கரை மாத்திரை, அதற்கெல்லாம் அடியில், செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டி, அவர் புதுப் புஸ்தகத்தின் அச்சுப் புரூஃப். நூற்று அறுபது பக்கம். ஒரு மணிக்குள் பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கு அதை யாரும் மாற்ற முடியாது, அவர் உட்பட. அதை நினைத்ததும் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் தெய்வானை. கேட்காமலே பேரைச் சொல்லி, கேட்காமலே திருத்தணிப் பக்கம் என்று சொல்லி, பெரிய முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "உன் வூட்டுக்காரரா இப்பப் போனது? ஒசரமா இருக்காரே. இன்னா வேலை?" என்றாள். எழுதுறவரு என்றாள் குணசுந்தரி. "பத்திரம் எழுதுறவரா?" "இல்ல. சினிமாவுக்கு. கதை, வசனம். இப்ப புஸ்தகம்." "யம்மா!" என்று தெய்வானை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள், சினிமாவுக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி. "கண்ணு தெரியாமயா எழுதுறாரு?" "அவரு சொல்லுவாரு. நான் எழுதுவேன்." "அப்ப நீதான எழுதுறே! அவரு சும்மா வாயடிக்கிறாரு" என்று சொல்லித் தெய்வானை குலுங்கிச் சிரித்தாள். குணசுந்தரிக்கும் சிரிப்பு வந்து, வந்த இடத்திலேயே நின்றது. "என் மனுசன் நாலு வருசமா என்னைச் சரியாப் பாத்ததில்ல" என்றாள் தெய்வானை. "நாளைக்குக் கட்ட அவுப்பாங்க. என் மூஞ்சியப் பாத்துட்டு, திரும்பக் கட்டுங்கடான்னு கத்தப் போறாரு. நீ பயப்படாத, உனக்கு அந்த வயசு வரல. அவரு பாத்தா சந்தோசம்தான் படுவாரு." பார்த்தால். அவர் பார்த்தால். தெய்வானையின் பேச்சு அதற்கப்புறம் மழைத்தண்ணி ஓடுகிற சத்தமாகத்தான் காதில் விழுந்தது. நாளைக்கு வலது கண்ணின் கட்டை அவிழ்ப்பார்கள். ஒரு வாரத்தில் பேப்பரே படிக்கலாம், ராணுவத்தில் குறி பார்த்த கண்ணாச்சே என்று டாக்டர் ஜோக் அடித்தார். அவர் துப்பாக்கி பிடித்ததைவிட டெலிபோன் பிடித்ததுதான் அதிகம் என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும். படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே கோதண்டம் பதிப்பாளர் மணவாளனுக்குச் சொல்லி அனுப்பினார்: ரெண்டு வருஷமா நான் எழுதினதை நானே பாக்கல, இந்தப் புஸ்தகத்தை மட்டும் என் கண்ணால ஒரு வாட்டி படிச்சிட்டுத்தான் அச்சுக்குக் குடுப்பேன். நேற்று மத்தியானம் மணவாளன் போன் செய்தார். வீட்டில் போன் மணி அடித்தால் எடுப்பது குணசுந்தரிதான். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார், எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். "அம்மா, அச்சகத்துல நாளைக்கு ஒரு மணிக்குள்ள குடுத்தாத்தான் ஜனவரிக் கண்காட்சிக்கு வரும். நீங்களே பாத்துக் குடுத்துடுங்களேன், எப்பவும் உங்க எழுத்துதானே" என்றார். சரி என்று சொல்லிவிட்டாள். யார் போன்ல என்று அவர் கேட்டதற்கு கேஸ்காரன் என்றாள். மணவாளனின் ஆபீஸ் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். கொடுத்துவிட்டு வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். அவர் வெளியே வரும்போது இவள் இங்கேயே இருந்தது மாதிரி இருக்கும்.

இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு எழுத்தை அவள் மாற்றியதில்லை. அப்படி மாற்றவும் முடியாது. சண்டையில் அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போய், கட்டைவிரல் மடங்காமல் நின்றுவிட்டது. எழுபத்திரண்டில் பென்ஷனோடு அனுப்பிவிட்டார்கள். வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் வாட்ச்மேன் வேலை. ஒரு நாள் உள்ளே படப்பிடிப்பு, ஹீரோ பட்டாளத்து உடுப்பில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்க வசனம் பேசுகிறார், கேட்டருகில் இருந்து வேடிக்கை பார்த்த வாட்ச்மேன் சிரித்துவிட்டான். டைரக்டர் கூப்பிட்டார். "ஏன்யா சிரிச்சே?" "சார், சண்டையில போன்ல இவ்வளவு பேச மாட்டாங்க." "பின்ன என்ன பேசுவாங்க?" "கேக்குதா? கேக்குது. வர்றியா? வர்றேன். அவ்வளவுதான் சார்." டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இவனுக்கு ஒரு டீ கொண்டாங்கடா என்றாராம். அந்த டீயில் தொடங்கியது பதினொரு படம், மூன்று நாவல். அவரால் பேனா பிடிக்க முடியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட குணசுந்தரிக்குக் கையெழுத்து மட்டும் மணிமணியாக வரும். அம்மா படுக்கையில் விழாமல் இருந்திருந்தால் ஒன்பதாவது போயிருப்பாள், அது வேறு கதை. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, எழுத்து நடையிலேயே சொல்லுவார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் புள்ளி என்பார். இவள் கார்பன் வைத்து எழுதுவாள். பக்கம் முடிந்ததும், "திருப்பிச் சொல்லு." பட்டாளத்தில் சேதி வாங்குகிறவன் வாங்கிய சேதியை முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், சொன்ன பிறகுதான் அனுப்பியவன் சரி என்பானாம், அந்தச் சரி வருகிறவரைக்கும் சேதி போய்ச் சேர்ந்ததாக அர்த்தமில்லையாம். புதுப்பெண்ணாக இருந்தபோது அந்தச் சரிக்கு எப்படிக் காத்திருப்பாள். பரீட்சையில் தேறின மாதிரி இருக்கும். கதாநாயகி பேசுகிற இடம் வந்தால் பேனாவை நிறுத்தி, "எந்தப் பொம்பளை புருஷன்கிட்ட இப்படிப் பேசுவா?" என்பாள். "பின்ன எப்படிப் பேசுவா, நீ சொல்லு." சொல்லுவாள். "சரி, அதையே எழுது." தியேட்டரில் அந்த இடத்துக்குக் கைதட்டினால் இருட்டில் அவர் முழங்கை இவள் விலாவில் இடிக்கும். எல்லாம் அவருக்குத் தெரிந்துதான். அவர் படம் என்றால் ஒரு சாவு இருக்கும், செத்தவன் தலை ஒருத்தன் மடியில் இருக்கும். அண்ணனோ, தம்பியோ, போலீஸ்காரனோ, மாட்டு வண்டிக்காரனோ, யாராக இருந்தாலும் மடியில்தான் போவான். கோடம்பாக்கத்தில் அதற்கு மடி சீன் என்றே பேர். "கோதண்டம் சாரா? மடி சீன் உண்டா, இல்ல கட்டில்லயே முடிச்சிடறீங்களா?" என்று தயாரிப்பாளர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். பதினொரு படத்திலும் அதை எழுதியவள் இவள். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், புள்ளி. அவர் சொல்லத் தொடங்குமுன்பே இவள் கை அங்கே போய் நிற்கும், தினம் போகிற வீட்டு வாசலில் மாடு போய் நிற்பதுபோல.

அந்த மடி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஞானமுத்து. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துக்காரர். எழுபத்தொன்று டிசம்பரில் அவரும் இவரும் ஒரே டெலிபோன் கோஷ்டி. வயலும் வரப்புமாகக் கம்பி இழுத்து, அறுந்தால் ஒட்டுகிற வேலை. கரும்புக் கொல்லையில் ஞானமுத்துவுக்கு அடிபட்டது, இவர் ஓடிப்போய்த் தூக்கினார், இவர் மடியில் உயிர் போனது. சில நாள் கழித்து இவரும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரனை எழுதச் சொல்லி ஞானமுத்துவின் மனைவிக்கு அப்படித்தான் கடிதம் போட்டார். அவன் கஷ்டப்படவில்லை, என் மடியில்தான் கண்ணை மூடினான். அந்த ரோசம்மாள், அப்போது இருபத்திரண்டு வயசு, கையில் குழந்தை. அடுத்த வருஷக் கிறிஸ்துமஸிலிருந்து இன்றுவரை ஒரு வருஷம் தவறாமல் ஒரு பிஸ்கட் டின் நிறைய முந்திரிக்கொத்து பார்சலில் வரும். பச்சைப்பயறும் வெல்லமும் ஏலக்காயும் மணக்க மணக்க, மேலே நோட்டுத்தாளில் நாலு வரி: அண்ணனுக்கும் மதினிக்கும் தோத்திரம், அவரைத் தனியா விடாம பாத்துக்கிட்ட உங்களை நான் மறக்கல. கோதண்டம் அதில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. சர்க்கரை வியாதி வந்த பிறகு காரணம் கிடைத்தது, அதற்கு முன்னால் பல் வலி என்பார். தின்றவள் இவள். பிள்ளைக்குக் கொடுத்தாள், தெருவுக்குக் கொடுத்தாள், மிச்சத்தை மத்தியான வேளையில் டீயோடு ஒவ்வொன்றாகத் தின்றாள். காலி டின்களில் ஒன்றில் அரிசி மாவு, ஒன்றில் நூலும் ஊசியும், ஒன்றில் ரேஷன் கார்டு. வீட்டில் எங்கே கை வைத்தாலும் ரோசம்மாளின் டின். இந்த மாசம் இருபதாம் தேதிக்குள் அடுத்தது வரும். பதில் கடிதம் எழுதுகிறவளும் இவள்தான். கிடைத்தது ரோசம்மா, அவருக்கு ரொம்பப் பிடித்தது.

புரட்டாசி மாசம், சனிக்கிழமை, பத்து மணி இருக்கும். தூறல். அடுப்பில் குக்கர். அவர் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை இல்லை இது, நடந்தது, நடந்தபடி என்று தொடங்கின புத்தகம். மூன்று மாசமாக ரயிலும் பயிற்சியும் சப்பாத்தியும் குளிருமாகப் போய்க்கொண்டிருந்தது, கரும்புக் கொல்லை வந்தது. பனிமூட்டமான காலை, கம்பி அறுந்த இடத்தைத் தேடி ஞானமுத்து போனான், நான் குழியில் டெலிபோனோடு இருந்தேன், புள்ளி. கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கிற டெலிபோன், ஆளுக்கு ஒன்று. குண்டுச் சத்தம் கேட்டது, புள்ளி. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கம்பியை ஒட்டிட்டேன், எனக்கு வயித்துல பட்டிருக்கு, வர்றியா என்றான். வர்றேன் என்றேன், புள்ளி. இவள் எழுதினாள். இரண்டாவது தடவை மணி அடித்தது. வர்றியா என்றான். வர்றேன் என்றேன். இவள் எழுதினாள். குக்கர் ஒரு விசில் விட்டது. மூன்றாவது தடவை மணி அடித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது, நான் வர்றேன் என்றேன், புள்ளி. என் கால்கள் எழவில்லை, புள்ளி. அப்புறம் அவர் குரல் மாறவே இல்லை, காய்கறி விலை சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார்: நான்காவது தடவையும் மணி அடித்தது, புள்ளி. நான் கம்பியைக் கழற்றினேன், புள்ளி. கழற்றிவிட்டு, வெயில் ஏறும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், புள்ளி. குணசுந்தரியின் பேனா நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? ஒரு விசில் நேரமா? வர்றேன். அதனால்தானா? இருபத்தேழு வருஷமாக வாசலில் அவள் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அந்தக் கொல்லையில் கிடக்கிறதா? போனை எடுக்காதது திமிர் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள். அம்மா செத்த சேதி போனில் வந்தபோது இவர் பத்து அடி தூரத்தில் இருந்துகொண்டு எடுக்கவில்லை, அதற்கு ஆறு மாசம் சரியாகப் பேசவில்லை இவள். இதெல்லாம் ஒரே மூச்சில் தலைக்குள் ஓட, கை தானாகத் தாளில் இறங்கியது. நான்காவது தடவை மணி அடிக்கவில்லை. நான் கரும்பைப் பிளந்துகொண்டு ஓடினேன். அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் எழுதியதைப் பார்த்தாள். பழகின கை, பழகின வாசலில் போய் நின்றுவிட்டது. அடித்துவிடலாம், கார்பனோடு கிழித்துவிடலாம், இப்போது திருப்பிச் சொல்லு என்பார், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. பதினொரு படம், மூன்று நாவல், வீட்டுக்காரருக்கு எழுதின வாடகைக் கடிதத்தைக்கூடத் திருப்பிச் சொல்லு என்றவர், அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஏன் கேட்கவில்லை? இரண்டு மாசமாக இந்த இடத்திலேயே அவள் மனசு சேலை முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் கிழியும். அசதியாக இருக்கும். இல்லை, அதை இன்னொரு தடவை காதால் கேட்க முடியாமல் இருந்திருக்கும். மாற்றியது நல்லதுதான், யாருக்கு நஷ்டம்? மகளின் மாமனார் ஆம்பூரில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எங்க சம்பந்தி போர்வீரர் என்று போட்டோ காட்டுகிறார். இது வெளியே வந்தால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து சோறு தின்பாள்? பென்ஷனை நிறுத்திவிட்டால்? கொடி நாளுக்கு மேடையில் உட்கார வைக்கிறார்களே, அந்த நாற்காலி? எல்லாம் போகட்டும், ரோசம்மாள்? ஐம்பது வயசில் அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பாள், அண்ணன் எழுதின புஸ்தகம் என்று சர்ச்சில் எல்லாருக்கும் காட்டிவிட்டுப் படிப்பாள், வயித்துல பட்டிருக்கு வர்றியா என்பதைப் படிப்பாள். வெயில் ஏறும்வரை என்பதைப் படிப்பாள். வேண்டாம். குணசுந்தரி எழுந்துவிட்டாள். பையை மார்போடு அணைத்து, "கொஞ்சம் பாத்துக்கோங்க, கூப்பிட்டா இதோ வந்துட்டாங்கன்னு சொல்லுங்க" என்றாள் தெய்வானையிடம். "எங்க போறே, பாத்ரூமா? அந்தக் கோடியில தண்ணி வராது, மேல போ" என்றாள் தெய்வானை. மணி பதினொன்று. ஹாலைத் தாண்டி, மாடிப்படி வளைவுக்கு வந்தாள். கீழே ரிசப்ஷனில் போன் அடித்தது. மேஜையில் ஆள் இல்லை. முதல் மணி. இவள் ஒரு படி இறங்கினாள். இரண்டாவது. யாராவது எடுங்களேன். காத்திருந்த ஜனம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மணி, அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் யாரோ காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். நான்காவது மணி பாதியில் நின்றது. எடுக்கவில்லை யாரும், அந்தப் பக்கமே வைத்துவிட்டார்கள். படியில் நின்றவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. இருபத்தொன்பது வருஷம் கழித்து ஒரு மனுஷன் சுவரைப் பார்த்து, குரல் மாறாமல், வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். கூப்பிட்டதுதானே அது? என்னைத்தானே கூப்பிட்டார்? நான் என்ன செய்தேன்? அடிக்கவில்லை என்று எழுதினேன். அவருக்குத் தெரியாமல், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கம்பியைக் கழற்றினேன். இப்போது அதைக் கொண்டுபோய் அச்சிலும் போடப் போகிறேன். கால் கீழ்ப்படிக்கும் போகவில்லை, மேல்படிக்கும் வரவில்லை. ஒரு ஆள் மூட்டையோடு, "போறதுன்னா போம்மா, வழிய விட்டு நில்லு" என்று முணுமுணுத்துக்கொண்டு தாண்டிப் போனான்.

திரும்பி வந்தபோது அவர் வெளியே வந்திருந்தார். இவள் பெஞ்சில், இவள் இடத்தில், வலது கண்ணில் வெள்ளைக் கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பச்சை அங்கிக்கு வெளியே தெரிந்த கழுத்து கோழிக் கழுத்து மாதிரி மெலிந்திருந்தது. மூடாத இடது கண்ணில் புகை படிந்த பார்வை, எதையோ தேடி இவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "வந்தவுடனே குணா எங்கன்னாரு" என்றாள் தெய்வானை. "மேல போயிருக்கான்னேன்." அதற்குள் நர்ஸ் தெய்வானையின் புருஷன் பெயரைக் கூப்பிட, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். குணசுந்தரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பை மடியில் சரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல." பையின் பக்கம் காதைத் திருப்பி, "பையில பேப்பர் சத்தம் கேக்குது. புரூஃபா?"

"ம்."

"கேஸ்காரன் கேட்டானா?"

அவள் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள். அவர் சுவரைத் தேடி முகத்தைத் திருப்பினார். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணின் படம் இருந்தது, அது அவருக்குத் தெரிந்திருக்காது.

"கரும்புக் கொல்லை, கடைசிப் பக்கம். திருப்பிச் சொல்லு."

நூலை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. விரல் முடிச்சுக்குள் போகவில்லை. பக்கத்தை எடுத்தாள், எழுத்து அச்சில் வேறு யாரோ எழுதின மாதிரி சுத்தமாக இருந்தது. படித்தாள். வர்றியா என்றான். வர்றேன் என்றேன். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. என் கால்கள் எழவில்லை. அங்கே வந்து நின்றாள். அவர் விரல்கள், மிச்சமிருந்த மூன்று, முழங்காலில் அசையாமல் இருந்தன. அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். மூடிக்கொண்டாள்.

"நான்காவது தடவையும் மணி அடித்தது. நான் கம்பியைக் கழற்றினேன். கழற்றிவிட்டு, வெயில் ஏறும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்."

சரி என்று அவர் சொல்லவில்லை.

"அப்படியா இருக்கு அதுல?"

"இல்ல."

"தெரியும்" என்றார். "அன்னைக்கு உன் பேனா நான் நிறுத்தாத இடத்துல நின்னுச்சு. அப்புறம் நான் சொன்னதைவிட அதிகமா ஓடுச்சு. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன்."

"பின்ன ஏன் திருப்பிச் சொல்லச் சொல்லல?"

அவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் கேட்கப் போகிறாரோ என்று ஃபிளாஸ்கை எடுத்தாள்.

"சொல்லச் சொல்லியிருந்தா நீ சரி பண்ணியிருப்பே, குணா."

ஃபிளாஸ்க் மூடி அவள் கையில் இருந்தது. இரண்டு மாசம். இரண்டு மாசமாக இவள் சாதம் வடிக்கும்போதும் துணி அலசும்போதும் தூக்கிச் சுமந்த பொய் இவள் பொய் மட்டும் இல்லை. சுமக்க விட்டுவிட்டு அவர் போர்வைக்குள் இருந்திருக்கிறார். கோபம்தான் வர வேண்டும், வந்தது, வந்து அந்த மெலிந்த கழுத்தைப் பார்த்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. நாளைக்குக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது, அதுதான் இன்றைக்குக் கேட்டிருக்கிறார். பையில் பேனா எப்போதும் இருக்கும். எடுத்தாள். தாளை ஃபிளாஸ்கின் மேல் வைத்துக் கோடு போட்டாள். மடியை அடித்தாள், ஓட்டத்தை அடித்தாள், கரும்பை அடித்தாள். ஓரத்தில், சின்ன எழுத்தில், மணிமணியாக எழுதினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதினே?"

"நீங்க சொன்னதை."

"ரோசம்மா படிப்பா" என்றார்.

"படிப்பா."

"இந்த மாசம் டின் வரும்."

"வரும். அடுத்த வருஷம் வராது."

அவர் தலையாட்டினார். கட்டுக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது, மருந்தாகவும் இருக்கலாம். அழக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று அவளுக்குப் பதறியது, முந்தானையால் கட்டைத் தொடாமல் ஒற்றினாள். கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் பத்து. நூலைத் திரும்பக் கட்டி எழுந்தாள்.

"மணவாளன் ஆபீஸ் பக்கத்துலதான் இருக்கு. ஒரு மணிக்குள்ள வேணுமாம். நர்ஸம்மாகிட்டச் சொல்லிட்டுப் போறேன், இங்கேயே உக்காந்திருங்க. குடுத்துட்டு—"

அவர் கை வந்து பையைப் பிடித்தது. மூன்று விரல்.

"வர்றேன்னு சொல்லிட்டுப் போ."

ஹாலில் யாரோ இருமினார்கள். யார் பேரையோ கூப்பிட்டார்கள். அந்த வார்த்தை எவ்வளவு கனம் என்று குணசுந்தரிக்கு இப்போதுதான் தெரிந்தது, வாயில் எடுக்கவே பயமாக இருந்தது. வெளியே ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகிற சத்தம், கடக்க வேண்டிய இரண்டு சிக்னல், அவள் ரத்தக்கொதிப்பு, போன மாசம் மயங்கி விழுந்தது எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின.

"வர்றேன்" என்றாள்.

விரல்கள் பையை விட்டன. அவள் திரும்பிப் பார்க்காமல் படிகளில் இறங்கினாள். சொல்லியாகிவிட்டது. இனி வந்தாக வேண்டும்.